கண்மாய்க் கரையில் ஒரு மான்குட்டி

ராமேசுவரம் வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. விடியற்காலை அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், பகலில் தனுஷ்கோடி, சாயங்காலம் கந்தமாதன பர்வதத்தில் ராமர் பாதம். நடுவில் பாம்பன் பாலத்தில் இறங்கி நின்று நாலு போட்டோ. அத்தோடு ராமநாதபுரம் ஜில்லா முடிந்தது!

"வேறே என்ன இருக்கு உங்க பக்கம்?" என்று கேட்பார்கள்.

"மான் இருக்கு" என்பேன்.

உடனே சிரிப்பு. "இந்தப் பொட்டலிலே மானா? இருந்த ஒரு மானையும் ராமர் அன்னைக்கே அம்பு விட்டுட்டாரே!" என்று என் கல்லூரித் தோழி ஒருத்தி கேலி செய்தாள்.

சகோதரிகளே, நிஜமாகவே இருக்கிறது. மிருகக் காட்சிசாலை மான் இல்லை. யாரும் கொண்டுவந்து விட்டதும் இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால், கூப்பிடு தூரத்தில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற புள்ளிமான்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

பொட்டலில் எப்படி மான்?

எங்கள் குடித்தனம் ராமநாதபுரம் டவுனில். ஆனால் நான் பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊர். அப்பாவின் தங்கை மகனைத்தான் கட்டிக்கொண்டேன். கமுதிக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கண்மாய்க் கரையை ஒட்டிய சின்ன ஊர். கோடை லீவு விட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அங்கே போய்விடுவோம். நுங்கு, பதநீர், அயித்தை கையால் கருவாட்டுக் குழம்பு என்று ஒரு மாதம் ஓடிவிடும்.

எங்கள் பூமியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழைதான் எங்களுக்கு வருஷத்துச் சாப்பாடு. அந்த மழையைப் பிடித்து வைக்க ஊருக்கு ஊர் கண்மாய், குடிக்க ஊருணி. பங்குனிக்குள் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். வற்றிய உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். நாங்கள் வேலிக்கருவை என்போம். வேறு தேசத்திலிருந்து வந்த மரம். நிலத்தைக் கெடுக்கிறது, வெட்ட வேண்டும் என்று கோர்ட்டு வரைக்கும் போன மரம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உலை கொதிக்கிறது என்பதும் உண்மை.

மனிதர் நுழைய முடியாத அந்த முள்ளுக்குள்ளேதான் மான்கள் ஒதுங்கியிருக்கின்றன. பகல் முழுக்க நிழல், பசித்தால் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் நெற்று. தித்திப்பாக இருக்குமாம். ஆட்டுக்கும் அது பிடிக்கும், மானுக்கும் பிடிக்கும். மழைக்காலத்தில் கவலை இல்லை. சித்திரை வந்தால்தான் கஷ்டம். குடிக்கத் தண்ணீர் தேடி ஊர்ப் பக்கம் வந்தாக வேண்டும். அப்படி வரும்போதுதான் நாய்கள் துரத்துவதும், ரோட்டில் வண்டியில் அடிபடுவதும், சுவர் கட்டாத கிணற்றில் விழுவதும். கோடை தோறும் எங்கள் ஜில்லாச் செய்தியில் இப்படி ஒன்றிரண்டாவது வந்துவிடும்.

எங்கள் கண்மாயில் மடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. கடைசியாக வற்றுவது அதுதான். மான்கள் வருவதும் அங்கேதான்.

கொல்லைக் கதவிலிருந்து

விடிவதற்கு முன்னால் வாசல் தெளிக்க எழுந்திருக்கிற பெண்களுக்குத்தான் அந்தக் காட்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரத்தில். வெயில் ஏறிவிட்டால் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

கூட்டமாகத் தடதடவென்று வந்துவிடாது. முதலில் ஒரே ஒரு பெண்மான் முள்ளு ஓரத்தில் வந்து நிற்கும். எங்கள் கண்மாயில் முன்னால் வருவது எப்போதும் கொஞ்சம் வயதான பெண்மான்தான். நம் வீட்டில் பெரிய அத்தை மாதிரி! காது இரண்டையும் தனித்தனியே திருப்பும். ஒன்று ஊர்ப் பக்கம், ஒன்று காட்டுப் பக்கம். மூக்கைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடிக்கும். அது நிதானமாக நடந்து வந்த பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வரும். கொம்புள்ள ஆண்மான் கடைசியில் வந்து, எல்லாம் தன்னாலேதான் நடந்தது போல நிற்கும். (உங்கள் வீட்டு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை!)

தண்ணீர் குடிக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் குனிவதில்லை. எதாவது ஒன்று தலையைத் தூக்கியபடியே இருக்கும். சந்தேகம் வந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டும். இன்னும் சந்தேகம் என்றால் வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருப்பதால் இருட்டிலும் தெரியும். நிஜமாகவே ஆபத்து என்றால் ஒரு கீச்சுக் குரல், விசில் அடித்த மாதிரி. அவ்வளவுதான், ஒரு நொடியில் கண்மாய் காலியாகிவிடும்.

பெண்களைச் சொல்லும்போது 'மருண்ட மான் விழி' என்று சொல்லிவிடுகிறோம், பயந்த சுபாவத்துக்கு அடையாளமாக. இத்தனை நாள் பார்த்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது காவல் பார்வை. பாலும் அடுப்பில், பிள்ளையும் தொட்டிலில், காது தெருவிலுமாக நிற்கிறோமே நாம், அந்த மாதிரி.

ஆண்மானுக்கு வருஷா வருஷம் கொம்பு உதிர்ந்து புதிதாக முளைக்கும். முளைக்கும்போது வெல்வெட் துணி சுற்றிய மாதிரி மெத்தென்ற தோல் மூடியிருக்கும். முற்றியதும் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அந்தத் தோலை உரித்துவிடும். உதிர்ந்து கிடக்கும் கொம்பை மான்களே கடித்துத் தின்பதும் உண்டு. சுண்ணாம்புச் சத்துக்காகத்தான். கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை கொடுக்கிறார்களே, அதே கணக்கு!

முப்பது வருஷத்துக்கு முன்னால்

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. விறகு பொறுக்கப் போனவர்களோடு நானும் என் தம்பியும் கண்மாய்க்குள் போனோம். ஒரு புதரடியில், சருகோடு சருகாக, ஒரு மான்குட்டி படுத்திருந்தது. கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அசையாமல். கிட்டே போனோம், ஓடவில்லை. தொட்டோம், கத்தவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தால் தாயைக் காணோம்.

"பாவம், ஆத்தா விட்டுட்டுப் போயிருச்சு" என்றான் தம்பி. தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். தெருவே கூடிவிட்டது. அப்பத்தா மட்டும், "கொண்டு போயி எடுத்த எடத்துலயே விட்டுருங்கடி. அதோட ஆத்தா தேடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் கேட்டார்கள்? பசும்பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டினோம். கோணியில் படுக்கை போட்டோம். கழுத்தில் மணி கட்டினோம். இரண்டாம் நாள் அதற்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் காலையில் விறைத்துக் கிடந்தது.

அது செத்ததற்கு அழுதேன், மறந்துபோனேன் என்றால் இதில் எழுத ஒன்றுமில்லை. அந்த இரண்டு சாயங்காலமும் கண்மாய்க் கரையில் ஒரு பெண்மான் தனியாக வந்து நின்றது. கூட்டத்தோடு வரவில்லை. தண்ணீர் குடிக்கவும் இல்லை. ஊரைப் பார்த்தபடி நின்றது. அப்பத்தா என்னைக் கூப்பிட்டுக் காண்பித்தாள். "பாத்துக்க. பால் கட்டிப்போய் நிக்கிது" என்று ஒரே ஒரு வார்த்தை. திட்டவில்லை, அடிக்கவில்லை.

பல வருஷம் கழித்து என் மூத்தவன் பிறந்து, குறைமாதக் குழந்தை என்று தனியறையில் வைத்திருந்த அந்த நாலு நாள், மார்பில் பால் கட்டி நான் துடித்தபோதுதான் அப்பத்தா சொன்னது எனக்கு முழுசாக விளங்கியது.

தாய் ஏன் விட்டுவிட்டுப் போகிறது?

புள்ளிமான் ஏழு எட்டு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். பிறந்த குட்டி சீக்கிரமே எழுந்து நிற்கும். ஆனாலும் நாய் நரியோடு ஓடிப் பிழைக்கிற பலம் அதற்கு இராது. தாயோடு சுற்றினால் ஆபத்து. தாயின் வாடை காற்றில் தூரம் போகும், கூட்டம் இருக்குமிடம் கண்ணில் படும். குட்டிக்கோ பிறந்த புதிதில் வாடை மிகவும் குறைவு. உடம்பிலுள்ள வெள்ளைப் புள்ளிகள் புதருக்குள் விழும் வெயில் பொட்டுகளோடு கலந்துவிடும். அசையாமல் படுத்திருந்தால் பக்கத்தில் போனாலும் தெரியாது.

ஆகையால் தாய் என்ன செய்கிறது தெரியுமா? குட்டியை ஒரு புதரில் படுக்க வைத்துவிட்டு, தான் வேண்டுமென்றே விலகிப் போகிறது. மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு, நாளைக்குச் சில தடவை மட்டும் வந்து பால் கொடுக்கிறது. குட்டியை நக்கி நக்கித் துடைக்கும். அதன் மலஜலத்தைக்கூடத் தானே நக்கி எடுத்துவிடும், வாடை தங்கக் கூடாது என்று. பிரசவத்தில் விழுந்த நஞ்சுக் கொடியையும் அதற்காகவே தின்றுவிடும். எத்தனை ஜாக்கிரதை, பாருங்கள்! சில வாரங்கள் போய்க் குட்டிக்குக் கால் திடப்பட்ட பிறகுதான் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும்.

நாம் 'அநாதை' என்று நினைத்துத் தூக்குகிற குட்டி பெரும்பாலும் அநாதை இல்லை. அதன் தாய் எங்கேயோ முள்ளுக்குப் பின்னாலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் இருக்கும்வரை வராது. வந்தால் குட்டி இருக்குமிடம் தெரிந்துவிடும் அல்லவா?

பசும்பாலும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. மானின் பால் அதைவிடக் கொழுப்பும் சத்தும் கூடியது. எங்கள் குட்டிக்கு வயிறு போனதும் அதனால்தான். மான் பயந்த பிராணி வேறு. துரத்திப் பிடித்தாலோ கட்டிப்போட்டாலோ, அந்த அதிர்ச்சியிலேயே தசைகள் கெட்டு, மேலுக்கு ஒரு காயமும் இல்லாமல் சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துப்போகும். கால்நடை மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

போன வருஷம், மறுபடியும்

போன வருஷம் கோடையில் என் சின்னவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளுக்கு ஏழு வயது. "அம்மா, ஆடு மேய்க்கிற அண்ணன் ஒரு மான்குட்டி கொண்டாந்திருக்கு! நாம வளப்போம்மா!"

போய்ப் பார்த்தேன். அந்தப் பையன் துண்டில் சுற்றி வைத்திருந்தான். அதே கழுத்து, அதே கண். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

"எங்க எடுத்தே தம்பி?"

"கலுங்குக்கு அங்கிட்டு, அக்கா. தனியாக் கெடந்துச்சு. நாய் கீய் கடிச்சிரும்னு தூக்கியாந்தேன்."

அவன் மேல் தப்பில்லை. நல்லது என்று நினைத்துத்தான் செய்தான், நாங்கள் செய்த மாதிரியே.

கூட்டம் கூடுவதற்குள் என் வீட்டுக்காரர் வனத்துறைக்குப் போன் செய்து விவரம் சொன்னார். காயம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், எடுத்து அதிக நேரம் ஆகாததால் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு எட்ட நின்று பார்க்கச் சொன்னார்கள், தாய் வராவிட்டால் தாங்கள் வந்து எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள்.

"மனுச வாடை பட்டுருச்சே, இனிமே ஆத்தா சேத்துக்கிருமா?" என்று அயித்தைக்குச் சந்தேகம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் மான் அப்படி ஒதுக்குவதில்லை. பால் கட்டி நிற்கும் தாய்க்குத் தன் குட்டிதான் பெரிசு. வாடையால் வருகிற ஆபத்து வேறு. அது நாயைக் கூட்டி வரும். அதனால்தான் அதிகம் தடவக் கூடாது.

துண்டோடு கொண்டுபோய்ப் பையன் காட்டிய புதரடியில் வைத்தோம். வைத்ததுமே கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டிக்கொண்டது. தாய் சொல்லிக் கொடுத்த பாடம்! தெருவில் எல்லோரும் நாய்களைப் பிடித்துக் கட்டினார்கள். நாங்கள் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம். நான், அயித்தை, சின்னவள், ஆடு மேய்க்கிற பையன்.

நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஒன்றும் காணோம். சின்னவள் பத்துத் தடவை, "வருமாம்மா?" என்று கேட்டுவிட்டாள். ஆறு மணிக்கு மேல் அயித்தை விளக்கு வைக்க இறங்கப் போனாள். அப்போது பையன் கையைப் பிடித்து அழுத்தினான். கலுங்குக்கு அந்தப் பக்கம் ஒரு காது தெரிந்தது. வந்தது, நின்றது, பின்வாங்கியது. காலைத் தட்டியது. மறுபடி வந்தது. புதருக்குள் தலையை விட்டது. என்ன நடந்தது என்று அந்த மங்கலில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாய் வெளியே வந்தபோது, அதன் வயிற்றுக்கடியில் நாலு குச்சிக் கால்கள் கூடவே நடந்தன.

அயித்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அப்பத்தா ஞாபகம். பேச்சே வரவில்லை.

கோடியக்கரையில்

அதிலிருந்து சின்னவளுக்கு மான் பைத்தியம் பிடித்துவிட்டது. தை மாதம் வேதாரண்யத்தில் ஒரு கலியாணம் வந்தது. "பக்கத்திலேதானே கோடியக்கரை, போவோம்" என்று முடிவு செய்தோம்.

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், தொண்டி, மீமிசல், மணமேல்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நீளமான பிரயாணம். ஊருக்கு ஊர் மீன் வாடையும் தென்னந்தோப்பும் கூடவே வரும். வேதாரண்யம் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடமல்லவா! அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கோடியக்கரை.

இது 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்கே புள்ளிமானும் உண்டு, ஆனால் விசேஷம் வெளிமான். ஆணுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, தலையில் முறுக்குக் கம்பி மாதிரி இரண்டு கொம்பு. பெண்ணுக்குக் கொம்பில்லை, நிறமும் வெளிர் மண் நிறம். புள்ளிமானுக்கு வருஷா வருஷம் கொம்பு உதிரும் என்றேனே, வெளிமானுக்கு ஆயுசுக்கும் ஒரே கொம்புதான். புள்ளிமான் புதரில் ஒளியும், வெளிமான் பேருக்கேற்றபடி வெட்டவெளியில் மேயும். ஆபத்து என்றால் ஒன்று நாலு காலையும் சேர்த்து எம்பிக் குதிக்கும். அதைப் பார்த்து மற்றவையும் குதிக்கும். பிறகு ஓட்டம். கண்ணால் தொடர முடியாது.

அந்தப் புல்வெளியிலும் எங்கள் ஊர் வேலிக்கருவை பரவிக்கொண்டு வருகிறது. எங்கள் புள்ளிமானுக்கு மறைவு தருகிற அதே மரம், வெட்டவெளி வேண்டிய இந்த மானுக்கு இடத்தைப் பறிக்கிறது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறிற்று. மரங்களோடு மான்களும் பலியாயின.

இங்கேயும் காட்டுக்குள் ஒரு மேட்டில் ராமர் பாதம் இருக்கிறது. இலங்கையை ராமர் இங்கே நின்று பார்த்தார் என்பார்கள். அங்கே போகிற வழியில்தான் சின்னவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். புல்வெளியில் ஒரு பெண் வெளிமான் தனியாக நின்றது. கொஞ்சம் மேயும், ஒரே திசையில் திரும்பிப் பார்க்கும், மறுபடி மேயும். கூட வந்தவர்கள், "பாவம், கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சிருச்சு போல" என்றார்கள்.

"இல்லே. குட்டியப் படுக்க வெச்சிருக்கு. நாம இருந்தா போகாது. வாங்க, போயிரலாம்" என்றாள் என் ஏழு வயதுப் பெண்.

வெளிமானும் குட்டியைப் புல்லில் ஒளித்து வைக்கிற ஜாதிதான். அவள் சொன்னது அன்றைக்குச் சரியோ தப்போ, நாங்கள் வண்டியை எடுத்துவிட்டோம்.

அன்பு காட்டுவது எப்படி?

மானைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுக்கத் தோன்றும். சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய இடங்களிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் மான்கள் மனிதர் நடுவே உலவுகின்றன. குப்பையில் கிடந்த பிளாஸ்டிக் பைகளைத் தின்று அங்கே மான்கள் செத்திருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் திரிகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற கோட்டை வழியில் மான்கள் ஆட்டுக்குட்டி போலக் கிட்டே வந்து கை நீட்டினால் வாங்கித் தின்னுமாம். போய் வந்த என் மதினி பூரித்துப் போய்ச் சொன்னாள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதனைக் கண்டு பயப்படாத மான், நாயையும் வண்டியையும் கண்டும் பயப்பட மறந்துவிடும். அதன் உயிருக்கு அந்தப் பயம்தான் வேலி.

கிராமத்தில் இருக்கிறவர்களும் சுற்றுலா போகிறவர்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சில குறிப்புகள்:

* தனியாகப் படுத்திருக்கும் குட்டியைத் தொட வேண்டாம். போட்டோ எடுக்கக்கூடக் கிட்டே போக வேண்டாம். விலகிப் போய்விடுங்கள். காயமோ, பக்கத்தில் செத்த தாயோ இருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

* ஊருக்குள் மான் வந்துவிட்டால் முதல் வேலை நாய்களைக் கட்டுவது. அடுத்தது கூட்டத்தைக் கலைப்பது. துரத்தாமல் ஒரு பக்கம் வழி விட்டால் தானே போய்விடும்.

* அடிபட்டுக் கிடந்தால் கண்ணை ஒரு துணியால் மூடி, சத்தம் போடாமல் நிழலில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும்.

* வீட்டுக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் சுவரோ மூடியோ வேண்டும். மானுக்கு மட்டுமல்ல, தவழுகிற பிள்ளைக்கும் அதுதான் பாதுகாப்பு.

* கொல்லையைக் காப்பாற்ற முள்கம்பி, மின்சாரம் எதுவும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் பழைய சேலைகளைக் கழிகளில் கட்டிச் சுற்றிவிடுகிறோம். காற்றில் ஆடுகிற சேலையைக் கண்டால் தயங்கி நிற்கும்.

* 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைப் பிடிப்பதும், வீட்டில் வளர்ப்பதும், அதன் கறியை வாங்குவதும் குற்றம். "குட்டிதானே" என்ற சமாதானம் செல்லாது.

* காட்டுப் பக்கம் போய் வந்தால் பிள்ளைகளின் காது மடல், கழுத்து, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் குளிப்பாட்டுங்கள்.

கோடியக்கரைக்குப் போக மார்கழி, தை நல்லது. பூநாரைகளும் வந்திருக்கும். காலை ஏழு மணிக்குள்ளும் மாலை நாலு மணிக்கு மேலும் மான் பார்க்கலாம். நுழைவுக்கு வனத்துறையில் சீட்டு வாங்க வேண்டும். குடிதண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டு போங்கள், காலிப் பைகளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். தெற்கே போகிறவர்களுக்குத் தூத்துக்குடி ஜில்லாவில் வல்லநாடு இருக்கிறது. வெளிமானுக்காகவே 1987-ல் ஏற்பட்ட சரணாலயம். இந்தியாவில் இதற்குத் தெற்கே இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டம் கிடையாது.

பொன்மானைப் பார்த்த சீதைக்கு, பிடித்துக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றியது. எட்ட நின்று பார்த்தால் போதும் என்று தோன்றியிருந்தால் கதையே வேறாகியிருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கோடைக்கும் ஊருக்குப் போகிறோம். கோயில் நந்தவனத்துக்குப் பக்கத்தில் மான் குடிக்க ஒரு தாழ்வான தொட்டி கட்டலாம் என்றார் என் வீட்டுக்காரர். அயித்தை வேண்டாம் என்றுவிட்டாள். "ஊருக்குள்ள கட்டுனா நாய் விடுமா? மடைப் பள்ளத்தத் தூர் வாருங்க. அது அங்ஙனயே குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள்.

அப்பத்தா இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.